எங்கே அமுக்குவது?

வீட்டில் இருக்கிற பெரியவர் யார் கையிலாவது ஒரு செல்போனைக் கொடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு ஆப். கரண்ட் பில், ரயில் டிக்கெட், பேங்க் பேலன்ஸ், எதுவானாலும் சரி. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஸ்கிரீனுக்கு அரை இஞ்ச் மேலே அந்தரத்தில் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்பார்.

‘எங்கேப்பா அமுக்கணும்?’

‘அதான் கன்டினியூன்னு எழுதியிருக்கே, அங்கதான்’ என்று நாம் எரிந்து விழுவோம்.

எழுதியிருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதே ஸ்கிரீனில் இன்னும் முப்பது வார்த்தை எழுதியிருக்கிறது. இதில் எது படிப்பதற்கு, எது அமுக்குவதற்கு? யார் சொல்வது?

சொல்வதற்கு ஓர் ஆள் உண்டு. எழுத்துக்குப் பின்னால், வாயே திறக்காமல் நிற்கிற ஆள். பேக்கிரவுண்ட் என்பார்கள். பின்னணி.

செல்போன் ஆப் எழுதுகிறவர்கள் ஸ்கிரீனை நம்மைப்போல் முழுசாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகப் பார்ப்பார்கள். மேலே தலைப்பு ஒரு கட்டம். நடுவே படம் ஒரு கட்டம். கீழே பட்டன் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர்கள் பாஷையில் ‘வியூ’ என்று பெயர். ஐபோனோ ஆண்ட்ராய்டோ, இரண்டு பக்கமும் அதே பெயர்தான். ஒவ்வொரு வியூவுக்கும் ஒரு பின்னணி போடலாம். வெறும் நிறம், மேலிருந்து கீழே அடர்த்தி மாறும் நிறம், ஒரு படம், சுற்றிலும் ஒரு கோடு, அடியில் கொஞ்சம் நிழல், மூலையில் ஒரு வளைவு. மொத்தச் சமையல் சாமானும் இவ்வளவுதான்.

இதில் என்ன சரித்திரம் வேண்டிக் கிடக்கிறது என்று தோன்றுகிறதல்லவா? இந்தச் சமாசாரம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய்விட்டு வந்திருக்கிறது. அதனால், முதலிலிருந்து.

*

1981, மே மாதம். கலிஃபோர்னியாவில் குபர்ட்டினோ. ஒரு டெக்ஸாகோ பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஆப்பிள் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த சின்ன ஆபீஸ். பங்க்கின் பெயரையே கிண்டலாகச் சேர்த்து ‘டெக்ஸாகோ டவர்ஸ்’ என்று கூப்பிடுவார்கள். மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்த கோஷ்டி அங்கேதான் இருந்தது.

ஒருநாள் பில் அட்கின்சன் என்கிற புரோகிராமர் அங்கே ஓடி வந்தார். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மனிதர். ஏதாவது உருப்படியாகச் செய்து முடித்தால் மட்டும் காட்டுவதற்கு ஓடி வருவார். இந்தமுறை கொண்டுவந்தது, வட்டம்.

கம்ப்யூட்டர் திரையில் வட்டம் போடுவது அன்றைக்குச் சுலபமில்லை. வட்டம் என்றால் கணக்கில் வர்க்கமூலம் வரும். அந்த மெஷினுக்குள் இருந்த 68000 சிப்புக்குத் தசமக் கணக்கெல்லாம் நேரடியாக வராது. பெருக்கல்கூட நேரம் பிடிக்கும். அட்கின்சன் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் பிடித்தார். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வரும். 1. அதோடு 3 சேர்த்தால் 4. அதோடு 5 சேர்த்தால் 9. இன்னும் ஒரு 7, ஆக 16. வெறும் கூட்டல், கழித்தல். அதை வைத்தே வட்டம் போட்டுவிட்டார். திரை முழுக்க வட்டங்களும் நீள்வட்டங்களும் மளமளவென்று வந்து விழுந்தன.

கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் மட்டும் அசரவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ். வட்டமெல்லாம் சரி, மூலை மழுங்கின செவ்வகம் போட முடியுமா என்று கேட்டார்.

அட்கின்சனுக்குக் கடுப்பு. அது கஷ்டம், தவிரவும் அது யாருக்கு வேண்டும்?

ஜாப்ஸ் விடவில்லை. அறைக்குள் இருந்த சாமான்களைக் காட்டினார். வெளியே பார் என்று தெருவுக்கே இழுத்துக்கொண்டு போனார். கண்ணில் பட்ட அத்தனை மழுங்கின செவ்வகங்களையும் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தார். கடைசியில் வந்தது ஒரு ‘நோ பார்க்கிங்’ பலகை. அதற்கும் மூலை மழுங்கித்தான் இருந்தது. அட்கின்சன் சரணடைந்தார். மறுநாள் மதியம் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். சாதாரணச் செவ்வகம் போடுகிற வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக, மழுங்கின செவ்வகம்! அதற்கு ‘ரவுண்ட்ரெக்ட்’ என்று நாமகரணமும் செய்தார். கூட வேலை பார்த்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இதைப் பின்னாளில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. அட்கின்சன் 2025 ஜூனில் காலமானார்.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த மழுங்கின செவ்வகம் போய் உட்கார்ந்த இடம். 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் வெளியானபோது அதன் திரையில் 512க்கு 342 புள்ளிகள். கறுப்பு, வெள்ளை, இரண்டே இரண்டு நிறம். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் சதுரங்கப் பலகை மாதிரி மாற்றி மாற்றி வைத்து ஏமாற்ற வேண்டும். மேஜை மாதிரி விரிந்த பின்னணி அப்படித்தான் சாம்பலாகத் தெரிந்தது. அதன்மேல் வெள்ளைக் கட்டம். கட்டத்துக்குள் ‘ஓகே’, ‘கேன்சல்’. அந்த இரண்டு வார்த்தைகளைச் சுற்றி, ரவுண்ட்ரெக்ட்.

எதிரே இருப்பவருக்கு மவுஸே புதுசு. ஆனால் எங்கே அமுக்குவது என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. கோடு போட்டு மூலையை மழுக்கி வைத்திருக்கிறதே, அங்கே. அமுக்கினால் கட்டம் கறுப்பாக மாறும். அமுக்கியாச்சு என்று அர்த்தம். இரண்டு நிறத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்ல முடிந்தது.

*

இருபத்தி மூன்று வருடம் தாண்டி வாருங்கள். 2007 ஜனவரி 9. ஜாப்ஸ் ஐபோனைக் கையில் தூக்கிக் காட்டுகிறார். மவுஸும் இல்லை, கீபோர்டும் இல்லை. ஒரு கண்ணாடி, ஒரு விரல். பழைய கேள்வி புதுசாகப் பிறந்தது. வழவழப்பான கண்ணாடியில் எங்கே அமுக்குவது?

ஆப்பிள் சொன்ன பதில், நிஜ சாமான் மாதிரியே வரைந்துவிடு. குறிப்பு எழுதுகிற ஆப்புக்கு மஞ்சள் காகிதம், அதில் கோடு. பட்டனுக்கு மேலே வெளிச்சம், கீழே நிழல். புடைத்துக்கொண்டு இருக்கிற மாதிரி. பார்த்தவுடன் விரல் தானாகப் போகும். 2010ல் ஐபேட் வந்தபோது புத்தக ஆப்புக்கு மர அலமாரி. அதே வருடம் கேம் சென்டருக்குச் சீட்டாட்ட மேஜையின் பச்சைத் துணி. 2011ல் நண்பர்களைத் தேடுகிற ஆப்புக்குத் தையல் போட்ட தோல். எந்த நண்பன் தோலுக்கடியில் ஒளிந்திருந்தானோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இங்கே ஒரு சின்ன வரவு செலவுக் கணக்கு பார்க்கவேண்டும். தோலும் மரமும் படங்கள். யாராவது உட்கார்ந்து வரையவேண்டும். முதல் ஐபோனில் 480க்கு 320, அதாவது 1,53,600 புள்ளிகள். 2010ல் வந்த ஐபோன் 4ல் 960க்கு 640, அதாவது 6,14,400. நாலு மடங்கு. பழைய போனுக்கு ஒரு படம், புதிய போனுக்கு ஒரு படம். ஒவ்வொரு பட்டனுக்கும் சாதாரணமாக ஒன்று, அமுக்கினால் ஒன்று. வேலை எகிறிவிட்டது.

ஆப்பிளுக்காவது போன் ஒன்றிரண்டு. ஆண்ட்ராய்டு பக்கம்? ஓப்பன்சிக்னல் என்கிற நிறுவனம் தன்னுடைய ஆப் எத்தனை விதமான ஆண்ட்ராய்டு சாதனங்களில் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தது. 2012ல் 3,997 விதம். 2013ல் 11,868. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு சைஸ். அத்தனைக்கும் தனித்தனியாகப் பட்டன் வரைவது யாரால் ஆகும்?

அதற்கு ஆண்ட்ராய்டில் ஒரு அருமையான தந்திரம் இருந்தது. நைன்பேட்ச். ஒன்பது துண்டு. பட்டுப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் எத்தனை முழம் நீண்டாலும் கரையின் அகலம் மாறாது இல்லையா? அதே கதை. பட்டன் படத்தை மூன்றுக்கு மூன்றாக வகுந்துகொள்வார்கள். நாலு மூலையும் இழுபடாது. நாலு ஓரமும் ஒரு பக்கமாக மட்டும் இழுபடும். நடுத்துண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுபடும். எந்தெந்த இடம் இழுபடலாம் என்பதைப் படத்தின் விளிம்பில் ஒரே ஒரு புள்ளி அகலத்தில் கறுப்புக் கோடு போட்டுக் காட்டினால் போதும். ஒரே படம், எல்லா அகலத்துக்கும் ஆச்சு. மழுங்கின மூலை மழுங்கினபடியே இருக்கும். இன்னும் சிக்கனமாக வேண்டுமென்றால் படமே வேண்டாம். இன்ன நிறம், இத்தனை வளைவு என்று நாலு வரி எழுதினால் போனே வரைந்துகொள்ளும்.

*

இந்த நேரத்தில்தான் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 2011 ஏப்ரலில் சாம்சங் மீது ஆப்பிள் வழக்குப் போட்டது. பெரிதாக்குவது, சுருக்குவது போன்ற நுட்பங்களுக்கான பேட்டன்ட்டுகளும் அதில் உண்டு. நமக்கு வேண்டியது மூன்று டிசைன் பேட்டன்ட்டுகள். இரண்டு, போனின் முன்பக்கத் தோற்றம் பற்றியவை. மூன்றாவது, கறுப்புப் பின்னணியில் வண்ண வண்ணமாக, மூலை மழுங்கின சதுரங்கள் வரிசையாக நிற்கிற திரை.

2012 ஆகஸ்டில் சான் ஹோசே கோர்ட்டில் ஆப்பிள் தரப்பு நிபுணராக ஒரு பெண்மணி சாட்சி சொல்ல வந்தார். சூசன் கேர். 1984 மெக்கின்டாஷுக்கு ஐகான்கள் வரைந்த அதே சூசன் கேர்! ஒருமுறை மேஜைமேல் கிடந்த போன்களில் ஐபோன் என்று நினைத்துக் கையில் எடுத்ததாகவும், பார்த்தால் அது சாம்சங் போன் என்றும் சொன்னார். ஆகஸ்ட் 24ம் தேதி ஜூரி தீர்ப்பு சொன்னது. சாம்சங் தரவேண்டியது சுமார் 105 கோடி டாலர்.

சாம்சங் விடுமா? வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது கேள்வி இதுதான். தோற்றத்தைக் காப்பியடித்தால் முழு போனின் லாபத்தையும் கொடுக்க வேண்டுமா, அல்லது அந்தப் பாகத்துக்கு உண்டான லாபம் போதுமா? முழு லாபம் என்கிற சட்டம் வந்ததே ஒரு விசித்திரக் கதை. 1885ல் தரைவிரிப்புக் கம்பெனிகளின் சண்டை ஒன்று அதே கோர்ட்டுக்கு வந்தது. டிசைனைத் திருடினார்கள், நிஜம். ஆனால் லாபம் கம்பளத்தால் வந்ததா, அதன் பூ வேலைப்பாட்டால் வந்ததா, எப்படிப் பிரிப்பது? முடியாது என்று சொல்லி ஆறு சென்ட் நஷ்ட ஈடு கொடுத்து அனுப்பினார்கள். ஆறு சென்ட்! கம்பளக்காரர்கள் கூப்பாடு போட, 1887ல் அமெரிக்க காங்கிரஸ் முழு லாபத்தையும் கொடு என்று சட்டம் போட்டது.

கம்பளத்துக்குப் போட்ட சட்டம் செல்போனுக்கு வந்து நின்றது. 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகச் சொன்னது, முழு போனின் லாபம்தான் என்று கட்டாயமில்லை. மறுபடி விசாரணை. 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டார்கள்.

இப்படித் திரைத் தோற்றத்துக்குக் கோர்ட்டில் கோடிகளில் விலை போட்டுக்கொண்டிருந்தபோதே, ஆப்பிள் தன் வீட்டில் என்ன செய்தது தெரியுமா? அதைக் கழற்றிக் குப்பையில் போட்டது.

*

தட்டையாக்கும் யோசனை ஆப்பிளுடையதல்ல. 2010 பிப்ரவரியில் பார்சிலோனாவில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய விண்டோஸ் போன் 7ஐ அறிமுகப்படுத்தியது. தோலும் இல்லை, மரமும் இல்லை. ரயில் நிலையத்தில் வழிகாட்டும் பலகைகள் மாதிரி, வெறும் நிறம், வெறும் எழுத்து. போன் வியாபாரம் போணியாகவில்லை. யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது.

2012 அக்டோபரில் ஐபோன் மென்பொருளைக் கவனித்துக்கொண்டிருந்த ஸ்காட் ஃபார்ஸ்டால் ஆப்பிளை விட்டுப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. திரைத் தோற்றம் ஜோனி ஐவ் கைக்கு மாறியது. 2013 ஜூன் 10ம் தேதி ஐஓஎஸ் 7 மேடையேறியது. பச்சைத் துணி காணோம். தோல் காணோம். இந்தத் தடவை எந்த மாட்டுக்கும் கெடுதல் செய்யவில்லை என்று மேடையிலேயே கிண்டலடித்தார்கள். அரங்கம் கைதட்டியது.

கூட இன்னொன்றும் காணாமல் போயிருந்தது. பட்டனின் பின்னணி.

கோடு இல்லை, கட்டம் இல்லை, நிழல் இல்லை. வெள்ளைத் திரையில் நீல நிறத்தில் மெலிசாக ஒரு வார்த்தை. அதுதான் பட்டன் என்றார்கள். இளவட்டங்களுக்குப் பிடித்திருந்தது. புடைப்பும் தோலும் பார்த்துப் பழகிவிட்டார்கள், இனி ஊன்றுகோல் எதற்கு என்பது ஆப்பிளின் வாதம். வாதத்தில் தப்பில்லை. ஊன்றுகோல் வேண்டாதவர்களுக்கு மட்டும்.

மற்றவர்களுக்கு? 2014 மார்ச்சில் ஐஓஎஸ் 7.1 வந்தது. செட்டிங்ஸுக்குள் போய், ஜெனரலுக்குள் போய், உடற்குறை உள்ளவர்களுக்கான வசதிகள் இருக்கும் பக்கத்துக்குப் போனால், புதிதாக ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் பட்டன்களுக்குப் பழையபடி வடிவம் தெரியும். 1981ல் தெருவெல்லாம் நடந்து வாங்கி வந்த சாமானை, அதே கம்பெனி மூன்று கதவுக்கு உள்ளே, மருந்து அலமாரியில் பூட்டி வைத்துவிட்டது.

உலகம் மொத்தமும் இந்தப் பாணியைக் காப்பியடித்தது. இப்போது யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. கூகுள் 2014 ஜூனில் ‘மெட்டீரியல் டிசைன்’ என்று கொஞ்சம் நிதானமான பாதை போட்டது. காகிதம் மாதிரி தட்டைதான். ஆனால் அமுக்கவேண்டிய காகிதம் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்கும், அடியில் நிழல் விழும். கூகுளின் விதிப்படி, விரல் படுகிற இடம் ஒவ்வொன்றும் குறைந்தது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.

எழுத்தும் சாம்பலாகிக்கொண்டே போனது. இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்தின் வெளிச்சத்துக்கும் பின்னணியின் வெளிச்சத்துக்கும் உள்ள விகிதம். வெள்ளையில் கறுப்பு என்றால் 21க்கு 1. வெப் உலகத்துக்கு விதிமுறை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 இருக்கவேண்டும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவாந்திரமாகத் தெரிகிற ஒரு சாம்பல், டிசைனர்களுக்கு ரொம்பப் பிரியமானது, 4.48ல் நிற்கும். நூலிழையில் ஃபெயில். இருபத்தைந்து வயதுக் கண்ணுக்கு அந்த நூலிழை ஒன்றுமே இல்லை. டிசைன் செய்பவருக்குப் பெரும்பாலும் அந்த வயதுதான்.

*

சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்கே வந்தார்கள். 2021ல் ஐஓஎஸ் 15ஐ அறிவித்தபோது, ஆப் எழுதுகிறவர்களுக்கு நாலு விதமான பட்டன்களை ஆப்பிளே தயாராகக் கொடுத்தது. ஒன்று பின்னணி இல்லாதது. மற்ற மூன்றும் சாம்பல் பின்னணி, லேசாகச் சாயம் பூசிய பின்னணி, அடர்த்தியான நிறப் பின்னணி. மூலை? மழுங்கினதுதான். எட்டு வருடம் கழித்துப் பலகை மறுபடி தெருவுக்கு வந்தது.

அத்தோடு அடங்கியதா என்றால், இல்லை. 2025 ஜூனில் ‘லிக்விட் கிளாஸ்’ வந்தது. பட்டனுக்குப் பின்னணி உண்டு, ஆனால் அது கண்ணாடி. பின்னால் இருப்பது தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் பூ படம் ஓடினால், கண்ணாடிமேல் உள்ள வெள்ளை எழுத்து என்ன ஆகும்? சோதனைப் பதிப்பிலேயே படிக்க முடியவில்லை என்று புகார் கிளம்பியது. கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். செப்டம்பரில் எல்லோருக்கும் வந்தது. நவம்பரில் ஐஓஎஸ் 26.1. செட்டிங்ஸில் புதிதாக ஒரு தேர்வு: கண்ணாடி தெளிவாக வேண்டுமா, சாயம் பூசி வேண்டுமா? 2014 மார்ச்சில் நடந்த அதே நாடகம், புது நடிகர்கள்.

பின்னணி என்பது அலங்காரம் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றிய ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு விரல் அந்தரத்தில் நின்றிருக்கிறது. பிறகு, வெளியே தெரியாமல் ஒரு சுவிட்சை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அந்த விரலுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கவும் அவர் ஏழெட்டு இடத்தில் அமுக்க வேண்டுமே! ஆகவே, அடுத்தமுறை ‘எங்கேப்பா அமுக்கணும்?’ என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். போனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போங்கள். ஆக்ஸசிபிலிட்டி என்று ஒரு பகுதி இருக்கும். ஐபோனில் பட்டனுக்கு வடிவம் கொடுக்க ஒரு வசதி, ஆண்ட்ராய்டில் எழுத்தை அழுத்தமாகக் காட்ட ஒரு வசதி. போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை.